எட்டாம் கட்டளையும் ஓவியம் படிக்கும் பிள்ளைகளும்



பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கும் மகள் ஒருத்தி உங்கள் வீட்டில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டுக் கண்காட்சி நெருங்குகிறது. 2009ஆம் ஆண்டு வன்னியில் காணாமற்போன அவளுடைய மாமாவின் சேட் ஒன்று அம்மம்மாவின் றங்குப்பெட்டிக்குள் மடித்தபடி கிடக்கிறது. அதைத் தரும்படி மகள் கேட்கிறாள். கண்ணாடிச் சட்டத்துள் வைத்துச் சுவரிலே மாட்டி, சுற்றிவரத் தான் வரைந்த சித்திரங்களைத் தொங்கவிடப் போகிறாளாம். கொடுப்பீர்களா?

உங்களிற் பலர், சேச்சே, அது என்ன விளையாட்டு என்பீர்கள். சிலர், படிப்புக்குத்தானே, கொண்டுபோகட்டும் என்பீர்கள். இரண்டு விடையும் அவசர விடைகளே. இந்தக் கேள்விக்குள் ஓர் ஒழுக்கப் பிரச்சினை இருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களாகிய நாம் அதைப் பொறுமையாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். ஓவியம் என்பது நமது குடும்பங்களில் ஒருபோதும் முதல் வரிசையில் இருந்ததில்லை. மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று எண்ணிக்கொண்டு போய், ஒன்றும் கிடையாவிட்டாற் கலைப்பிரிவு. அதிலும் ஒன்றும் சரிவராவிட்டாற் சித்திரம். மருதனார்மடத்திலே இசைக் கல்லூரியாகத் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகத்திற் சித்திரம் பிந்தியே வந்து சேர்ந்தது. மட்டக்களப்புக் கல்லடியிலும் 1982இல் இசைக்கும் நடனத்துக்குமாக எழுந்த கல்லூரியே, பின்பு கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாகி, கட்புலக் கலைக்கும் இடம் கொடுத்தது. பிள்ளை பாட்டுப் படிக்கிறாள் என்றால் நாலுபேருக்குப் பெருமையாகச் சொல்லுகிறோம். படம் கீறுகிறாள் என்றால் அடுத்த கேள்வி, அதுக்கு வேலை இருக்கோ என்பதுதான். இத்தனைக்கும் குருநகரிலே பிறந்த ஓவியர் மாற்கு (1933–2000) போன்றவர்களை ஈன்ற சமூகம் நமது. அவர் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பிப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார். இடப்பெயர்வுகளில் அவருடைய படைப்புக்கள் பல அழிந்துபோயின. அவர் பெயரைச் சொன்னால் எத்தனை வீடுகளில் விளங்கும்?

ஆனால் இந்த ஓரத்திலே கிடந்த பாடத்தில்தான், நாம் வீட்டிலே வாய்திறந்து பேசாத விடயங்களை நம் பிள்ளைகள் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நான் யார், என் வீட்டார் யார், எமக்கு என்ன நடந்தது என்ற கேள்விகளைத் தீந்தையாலும் கரித்துண்டாலும் பழஞ் சேலைத் துண்டாலும் கேட்கிறார்கள். பெற்றோருக்கு இது சங்கடம். அந்தச் சங்கடத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

அழகில்லாத படத்தை ஏன் வரையவேண்டும் என்ற கேள்விக்கு மறுமொழி சுலபம். எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் கட்டிலுக்கு மேலே ஆணியறையப்பட்ட ஒரு மனிதனின் உருவம் தொங்குகிறது. அதை நாம் அழகென்று மாட்டவில்லை, உண்மையென்று மாட்டியிருக்கிறோம். உருவங்களை வணங்கலாமா என்று எழுந்த பெரும் பிணக்கை 787இல் கூடிய இரண்டாம் நிசேயச் சங்கம் தீர்த்தபோது, உருவத்துக்குச் செலுத்தும் மரியாதை அது சுட்டும் ஆளையே சேருகிறது என்று கொண்டது. அந்த வழியில் வளர்ந்தவர்கள் படம் என்றால் பூச்சாடி என்று நினைப்பது வியப்புத்தான்.

ஆறின புண்ணை ஏன் கிண்டவேண்டும் என்பது இன்னும் ஆழமான கேள்வி. ஆறிவிட்டதா என்பதையே முதலிற் கேட்கவேண்டும். திருப்பாடல்களிற் பெருந்தொகையானவை முறைப்பாடுகள். கடவுளின் முகத்துக்கு நேரே சொன்ன முறைப்பாடுகள். புலம்பல் ஆகமம் என்று ஒரு நூலே வேதத்தில் இருக்கிறது. அழுவதை விசுவாசக் குறைவென்று கருதியிருந்தால் திருச்சபை அவற்றை எப்போதோ கழித்துவிட்டிருக்கும். பெரிய வெள்ளியன்று நாம் ஆண்டுதோறும் கிண்டுவது இரண்டாயிரம் ஆண்டுப் புண்ணையல்லவா?

மிஞ்சியிருப்பது பயம். இதை நான் மிகுந்த மரியாதையோடு சொல்லுகிறேன். ஒரு படம் வீட்டில் இருப்பதே ஆபத்தாயிருந்த காலத்தை நமது தாய்மார் கடந்து வந்திருக்கிறார்கள். சோதனைச் சாவடிகளுக்கும் சுற்றிவளைப்புக்களுக்கும் அஞ்சி, பெற்ற பிள்ளையின் புகைப்படத்தை அடுப்பிலே போட்டவர்கள் உண்டு. பொலித்தீனிற் சுற்றி வளவுக்குள் தாட்டுவிட்டு, பின்னர் எந்த மரத்தடி என்று தெரியாமற் கிண்டித் தேடியவர்களும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் எழுந்து நடந்தபோது சைக்கிளிற் கட்ட முடிந்ததைத்தான் கட்டினார்கள். அல்பம் எல்லாருடைய மூட்டைக்குள்ளும் ஏறவில்லை. ஏறியவற்றுள்ளும் எத்தனையோ 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியில் மணலோடு மணலாயின. ஒரு சந்ததியின் முகங்களே இவ்வாறு நமது வீடுகளிலிருந்து போயின.

இதனாலேதான் இங்கே ஒரு மாணவன் கையிலே பென்சிலை எடுப்பது மற்ற ஊர்களிற்போல ஒரு காரியமன்று. அவனுடைய குடும்பத்துக்கு ஆவணம் இல்லை. அவன் கீறுவதே சிலவேளை முதல் ஆவணம். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியரான ஓவியர் தா. சனாதனன், 2011இல் வெளிவந்த தமது நூலொன்றுக்கு, நிறைவுபெறாத தோம்பு என்று பொருள்படும் பெயரை வைத்தார். இடம்பெயர்ந்தோர் தாம் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து நிலப்படமாகக் கீறிக் கொடுத்தார்கள். அந்தக் கோணல் கீறலையும், அதைக் கட்டடக் கலைஞர் முறைப்படி திருத்திய கோட்டுப்படத்தையும், அதிலிருந்து ஓவியர் வரைந்த சித்திரத்தையும் நூல் ஒன்றுசேர்த்துத் தருகிறது. உங்களிடம் ஒரு தாளைத் தந்தாலும் கிணறும் குசினியும் திரு இருதய ஆண்டவர் படம் தொங்கிய சுவரும் தாமாக வந்து விழும். வேறு எதுவும் படிக்காதவர்களும் ஒரு வீட்டைக் கீறுவார்கள். அவர்களுடைய கோடு நடுங்கும் இடத்தை எந்த உறுதிப்பத்திரமும் காட்டாது. அதே ஓவியர் 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே வீடுகளிலிருந்து சேர்த்த சாதாரணப் பொருட்களைக் காட்சிக்கு வைத்தார். 1981இல் எரிந்து, மீண்டும் எழுந்த நூலகம் அது. இன்றைய மாணவர் வீட்டுப் பொருளைத் தேடி வருவது இப்படியான முன்னோடிகளின் வழியாகத்தான்.

தெற்கிலும் இதே தேவை எழுந்தது. சந்திரகுப்த தேனுவர 1997 முதல் வீதித் தடைகளில் நின்ற தார்ப் பீப்பாய்களையே தமது ஓவியப்பொருளாக்கினார். அந்தப் பீப்பாய்களுக்கு நடுவே அடையாள அட்டையைக் கையிற் பிடித்துக்கொண்டு நின்றவர்களுக்கு அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி நமது கேள்விக்கு வருவோம். அனுபவத்தைக் காட்டும் ஓவியத்தை எந்த அளவுகோலால் அளப்பது? அழகா, புதுமையா, துணிவா? இவற்றைப் பரிசோதகர்கள் பார்த்துக்கொள்வார்கள். கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வேறோர் அளவுகோல் கையிலிருக்கிறது. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கலையைப் பற்றிப் பேசும் இடம் எது தெரியுமா? வழிபாட்டுப் பகுதியிலே மட்டும் அது பேசவில்லை. பத்துக் கட்டளைகளை விளக்கும் பகுதியில், எட்டாம் கட்டளையின்கீழ், பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளையின்கீழ், உண்மையும் அழகும் திருக்கலையும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொய் சொல்லுதல், கோள் சொல்லுதல், பிறர் பெயரைக் கெடுத்தல் ஆகியவற்றை விளக்கி முடித்ததும் ஓவியனைக் கூப்பிடுகிறது திருச்சபை. ஓவியமும் ஒரு சாட்சியம் என்பதுதானே அதன் கருத்து?

சாட்சியம் என்றால் கூண்டிலே நின்று சத்தியம் செய்யவேண்டும். ஓவியம் படிக்கும் பிள்ளைக்கு நான் முதலிற் சொல்லுவது இதையே. இன்று பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்கள் 2009இல் சிறு பிள்ளைகளாயிருந்தவர்கள். பலர் அதிலும் சிறியவர்கள். சிலர் அப்போது வன்னியிலேயே இருக்கவில்லை. போர் அவர்களிற் பலருக்குக் கேட்ட கதை. கேட்ட கதையும் ஓர் அனுபவமே. தாயின் வயிற்றிலிருந்தே பிள்ளைக்குப் பயம் இறங்கும் என்று நமது கிழவிகள் சொல்லுவது வீண் பேச்சன்று. ஆனால் கேட்டதைக் கேட்டதாக வரையவேண்டும். கண்டதாக வரைந்தால் அது பொய்ச்சாட்சி. முட்கம்பி, தலையில்லாப் பனை, ஒற்றைக் கண்ணீர்த்துளி, இரத்தச் சிவப்பில் ஒரு கை — இவற்றைக் கொண்டு அரை மணித்தியாலத்தில் ஒரு துயர ஓவியம் கட்டிவிடலாம். இது றப்பர் முத்திரை. யாருடைய துயரத்திலும் குத்தலாம், யாருடையதுமன்று.

உண்மையாக அந்தப் பிள்ளையிடம் இருப்பது என்ன? மழை பெய்தாற் தண்ணீர் நிற்கும் பள்ளமாக வளவின் மூலையிலே கிடக்கும் பழைய பங்கர். படுக்கப் போகுமுன் இரவில் எல்லாருடைய தலையையும் எண்ணிப் பார்க்கும் அம்மம்மா. பட்டாசுச் சத்தம் கேட்டதும் திருநாட் பந்தலிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகும் பெரியப்பா. சமையல் நடுவிலே திடீரென்று நின்று, எதையோ நினைத்து, மீண்டும் கிளறும் தாயின் கை. இவை அந்தப் பிள்ளை கண்ணாலே கண்டவை. இவற்றை வரைந்தால் எந்த நீதிமன்றத்திலும் சாட்சி நிற்கும்.

அரைச் சாட்சியமும் உண்டு. அடையாளம் என்ற சொல் இன்று எல்லார் வாயிலும் வருகிறது. எம் இனம், எம் மண், எம் மொழி. நல்லது. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தார்க்குச் சில மணிநேர அவகாசமே கிடைத்தது. அவர்கள் விட்டுச்சென்ற வீடும் இந்த மண்ணின் வீடுதான். அதை ஒருவரும் வரையாமல் நமது வீட்டை மாத்திரம் வரைந்துகொண்டிருந்தால், வரைந்த ஒவ்வொரு கோடும் உண்மையாயிருந்தும் முழுச் சுவரும் பொய் சொல்லலாம். சாதி? சீதனம்? கோயிலிலே யார் எந்தப் பக்கம் இருந்தார்கள், எந்தத் தெருவுக்குச் சுரூபம் போகும், எந்தத் தெருவுக்குப் போகாது என்ற பழங்கணக்குகள்? பகைவன் செய்த காயத்தைக் காட்டும்போது சபை கைதட்டும். நாம் ஒருவருக்கொருவர் செய்த காயத்தைக் காட்டும் மாணவிக்கு எவரும் கைதட்டமாட்டார்கள். அவளுக்குத்தான் நமது துணை கூடுதலாகத் தேவை.

எட்டாம் கட்டளை பெற்றோரையும் கட்டுகிறது. பிள்ளை கண்டதைக் காணவில்லை என்று சொல்லச் செய்வதும் பொய்ச்சாட்சிதான். எங்கள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை, எல்லாரும் சந்தோஷம், நீ ஒரு மயில் கீறு என்று சொல்லுகிறோமே, அந்த மயில் யாரை ஏமாற்ற?

அப்படியானால் சேட்டைக் கொடுத்துவிட வேண்டியதுதானா? அவசரப்படாதீர்கள்.

உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்குத் தோன்றிய நிகழ்ச்சியை அருளப்பர் நற்செய்தியில் மீண்டும் வாசித்துப் பாருங்கள். மகிமையடைந்த உடலிலும் காயங்கள் மறையவில்லை. அவற்றைக் காணாமல் நம்பமாட்டேன் என்று தோமையார் அடம்பிடிக்கிறார். எட்டு நாட்களின் பின் அவருக்குக் காயங்கள் காட்டப்படுகின்றன. காட்டியவர் யார்? காயங்களுக்கு உரியவரே. மற்ற அப்போஸ்தலர் யேசுவின் காயத்தைத் தாமாகத் திறந்து தோமையாருக்குக் காட்டவில்லை; தாம் கண்டோம் என்று மாத்திரம் சொன்னார்கள். அவர்களுடைய சாட்சியம் அவ்வளவே. காயத்தைத் திறக்கும் உரிமை காயப்பட்டவருடையது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் உட்கார்ந்தபோது பிள்ளைகளின் படங்களை மடியிலே வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் தாமாகக் காட்டினார்கள். ஊர் முழுவதும் பார்க்கட்டும் என்று முடிவெடுத்தது அந்தத் தாய்மார். றங்குப்பெட்டிக்குள் சேட்டை மடித்து வைத்திருக்கும் அம்மம்மாவோ வேறு முடிவு எடுத்திருக்கிறார். அவருக்கு அது சாட்சிப் பொருளன்று. மகன் திரும்பிவந்தால் உடுத்தவேண்டிய உடுப்பு. அதைச் சட்டத்துள் வைத்துக் கண்ணாடி போடுவதென்றால், அவன் வரமாட்டான் என்று அம்மம்மாவின் வாயால் ஒப்புதல் வாங்குவது போலாகும். படிப்பின் பேரால் எவரிடமும் அப்படியோர் ஒப்புதலை வாங்கும் உரிமை எந்த மாணவிக்கும் இல்லை. எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இல்லை.

ஆகவே மகள் அம்மம்மாவிடம் போய் இருந்து கேட்கட்டும். உங்களிடம் கேட்பது போதாது, சேட் உங்களுடையதன்று. எங்கே மாட்டப்போகிறாள், யார் யார் பார்ப்பார்கள், புகைப்படம் எடுத்துத் தொலைபேசியிலே ஊர் உலகமெல்லாம் அனுப்புவார்கள் என்பதையும் ஒளிக்காமற் சொல்லட்டும். அம்மம்மா தந்தால் அது காணிக்கை. பக்குவமாகக் கொண்டுபோய்ப் பக்குவமாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும். மாட்டேன் என்றால் அதுவே முடிவு. தெரியாமல் எடுத்துக்கொண்டு போவது ஏழாம் கட்டளையிலும் விழும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் அம்மம்மா மறுத்ததும் மகளின் ஓவியம் முடிந்துவிடவில்லை. இங்கேதான் பல பெற்றோர் எல்லை மீறுகிறார்கள். சேட் அம்மம்மாவின் சொத்து. சேட்டுக்குரிய துயரத்தில் முதற் பங்கும் அவருடையது. பூட்டிய றங்குப்பெட்டிக்கு முன்னால் வளர்ந்த அனுபவமோ மகளுடையது. அந்தப் பெட்டியின் துருப்பிடித்த கொளுக்கியை அவள் வரையலாம். மூடியைத் திறக்கும்போதெல்லாம் வீட்டில் விழும் அமைதியை வரையலாம். தன் கையை நீட்டி, தொடாமலே நிற்கும் கையை வரையலாம். இவற்றுக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. என் எண்ணம், கண்ணாடிக்குள் தொங்கும் சேட்டைவிட அந்த மூடிய பெட்டி கூடுதலாகப் பேசும். ஆனால் அது ஒரு பார்வையாளனின் அபிப்பிராயம் மட்டுமே.

சிலுவைப்பாதையின் ஆறாம் நிலையிலே நிற்கும் வெறோனிக்காவை நற்செய்திகளில் நீங்கள் காணமாட்டீர்கள். மக்களின் பக்தி அவரைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார், இரத்தமும் வேர்வையும் துடைத்தார், முகம் துணியிலே பதிந்தது என்பது மரபு. படம் வேண்டும் என்று அவர் போகவில்லை. துடைக்கப் போனார். ஓவியம் படிக்கும் பிள்ளைகள் தம்முடைய வீட்டாரின் முகத்தருகே போகும்போது அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்வது நல்லது. பரிசோதகருக்குக் காட்ட, வெளிநாட்டிலிருந்து வரும் கண்காட்சிக்காரருக்குக் காட்ட என்று துணியோடு ஓடுபவர்களும் உண்டு. கையில் இருப்பது அதே துணிதான். முகத்திலே வேர்வை அப்படியே கிடக்கும்.

பங்குகளுக்கும் ஒரு வார்த்தை. 1965 டிசெம்பர் 8ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவெய்தியபோது ஓவியருக்கும் கலைஞருக்கும் தனியாக ஒரு செய்தி விடுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கலைஞருக்கென்றே ஒரு மடல் எழுதினார். இளமையில் தாமே நாடகம் எழுதி நடித்தவர் அவர். இவ்வளவும் இருந்தும் நமது கோயில்களுக்குச் சிலுவைப்பாதைப் படம் வேண்டுமென்றால் கடையிலே அச்சடித்த பதினான்கையும் ஒரே கட்டாக வாங்கிவருகிறோம். உங்கள் பங்கிலேயே ஓவியம் படிக்கும் பிள்ளை ஒன்று இருந்தால், ஒரேயொரு நிலையை வரைந்து தரும்படி கேட்டுப் பாருங்கள். எருசலேம் தெருவை அது நமது தெருவாகக் கீறிக்கொண்டு வந்தால், முகத்தைச் சுழிக்குமுன் பங்குத்தந்தையும் சபையாரும் சற்று நேரம் அதற்கு முன்னால் நிற்கட்டும்.

கண்காட்சி அழைப்பிதழ் வந்தாற் போகத் தவறாதீர்கள். வெள்ளைச் சேட்டும் சாறியுமாகப் பட்டமளிப்புக்குப் போவோம், கண்காட்சிக்கு என்னத்துக்கு என்று இருந்துவிடுகிறவர்கள் அநேகர். அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரு கதிரை கேட்டு வாங்குங்கள். விளங்காத படத்தின் முன்னே விளங்கியதுபோலத் தலையாட்ட வேண்டாம். எத்தனை புள்ளி கிடைக்கும் என்றும் அன்றைக்குக் கேட்கவேண்டாம். இது யாருடைய கை, இந்தக் கதவு ஏன் பாதி திறந்திருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். மறுமொழி சொல்ல அவளுக்கு நேரம் எடுக்கும். அவள் சொல்லி முடிக்கும்வரை நில்லுங்கள்.